கழுதை தீட்டிய ஓவியம்: கலையுலகில் எள்ளலும் இளமையும்

புதுமை தோன்றும் இடந்தோறும் நகைப்பும் உடன் தோன்றும். இஃது உலகியற்கை. புதிய நடையில் ஒருவர் எழுதினால் அதனைக் கேலி செய்து மற்றொருவர் எழுதுவார்; புதிய முறையில் ஒருவர் தீட்டினால் அதனைப் பழித்து வேறொருவர் தீட்டுவார். ஆனால் இல்லாத ஒரு கலைக் கொள்கையை நகைப்பதற்கென்றே படைத்து, அதற்குப் பெயர் சூட்டி, அறிக்கை எழுதி, ஓவியமும் தீட்டிக் காட்சிக்கு வைப்பது வேறு வகை விளையாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிசு நகரத்திலும் அமெரிக்க நகரங்களிலும் ஓவியம் பயின்ற மாணாக்கரும், அவர்களோடு பழகிய எழுத்தாளரும் இவ்விளையாட்டைப் பன்முறை ஆடினர்.

இதனைப் பற்றிப் பேசுவோர் பலர் ஒரே முடிவுக்கு வருகின்றனர். ‘கழுதை வரைந்ததையும் கலையென ஏற்றுக்கொண்டார்கள், ஆதலின் புதுமை ஓவியம் என்பதே பொய்’ என்பது அம்முடிவு. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அது சரியான முடிவுதானா? அவ்விளைஞர்கள் உண்மையில் மெய்ப்பித்தது யாது? அவர்களுடைய நகைப்பு யாரைத் தாக்கிற்று, யாரைத் தாக்காது விட்டது? இவ்வினாக்களை நிகழ்ச்சிகளின் துணைகொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஆசிரியரை நகைத்த மாணாக்கர்

நியூயார்க் நகரில் 1875ஆம் ஆண்டு ‘கலை மாணவர் கழகம்’ என்றொரு பள்ளி தோன்றியது. 1890களில் அப்பள்ளி மாணாக்கர் சிலர் கூடித் தமக்கு ‘அமெரிக்கப் பக்கிரிகள் சங்கம்’ எனப் பெயரிட்டுக்கொண்டனர். பக்கிரி என்னும் சொல் ஆங்கிலத்தில் போலி என்று பொருள்படும் ‘ஃபேக்’ என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்துப்போவதால் எழுந்த சிலேடை அது. நகரின் பெரிய ஓவியர்கள் ஆண்டுதோறும் நடத்திய காட்சியில் இடம்பெற்ற ஓவியங்களைப் பார்த்து, அவற்றைப் போலவே கோமாளித்தனமாக வரைந்து, இம்மாணாக்கர் எதிர்க்காட்சி ஒன்று நடத்தினர். நகைக்கப்பட்டவர்களுள் அவர்களுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர்களும் இருந்தனர். காட்சி முடிந்ததும் அவ்வோவியங்களை ஏலம் விட்டுக் கிடைத்த பணத்தை மாணாக்கரின் கல்வி உதவிக்குச் செலவிட்டனர். முதல் உலகப் போர்க் காலம் வரை இவ்வழக்கம் நீடித்தது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓர் ஓவியத்தைப் பழித்து வரைவதற்கு அவ்வோவியத்தை நன்கு பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர் எந்த வண்ணத்தை அளவுக்கு மீறிப் பூசுகிறார், எந்த நிலையில் ஆளை மீண்டும் மீண்டும் நிறுத்துகிறார் என்பதையெல்லாம் கண்டறிந்த மாணாக்கனே அதனை மிகைப்படுத்திக் காட்ட வல்லவன். ஆகவே அப்பள்ளியில் நடந்த கேலி ஒருவகையில் தேர்வும் ஆகும். பாடத்தைக் கூர்ந்து பயின்றவனே அதில் வென்றான்.

இயைபிலார்

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பாரிசில் இன்னும் துணிவான கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. 1882ஆம் ஆண்டு ழூல் லெவி என்னும் இளைஞர், வரையத் தெரியாதவர்கள் வரைந்த ஓவியங்களின் காட்சி என்று அறிவித்து ஒரு காட்சி நடத்தினார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மாணாக்கர் வாழும் இலத்தீன் பகுதியில் தம் சிறு வீட்டிலேயே மீண்டும் நடத்தியபோது, ஒரே நாளில் ஈராயிரம் பேர் படியேறி வந்தனர். இக்கூட்டத்தார் தம் கலைக்கு இட்ட பெயர் ‘இயைபிலாக் கலை’ என்பது. ‘அலங்காரக் கலை’ என்று அரசும் பள்ளியும் பெருமிதத்தோடு வழங்கிய தொடருக்கு எதிராக அமைந்த பெயர் இது.

அவ்வீட்டுக் காட்சியில் பவுல் பிலோ என்னும் எழுத்தாளர் முழுக் கறுப்பான பலகை ஒன்றை மாட்டினார். இருளில் கறுப்பின மக்கள் சண்டையிடுவதாக அதற்குத் தலைப்பிட்டார். அடுத்த ஆண்டு அல்போன்சு அலே என்னும் நகைச்சுவை எழுத்தாளர் வெறும் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்தார்; சோகை பிடித்த சிறுமியர் பனிபெய்யும் நாளில் முதல் நற்கருணை பெறுவது அதன் பொருளாம். 1884இல் முழுச் சிவப்பு ஓவியம் வந்தது. இரத்தக் கொதிப்புள்ள கர்தினால்மார் செங்கடற் கரையில் தக்காளி பறிப்பதாக அதற்கு விளக்கம். 1897இல் அலே இத்தகைய ஒருநிறப் படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, செவிடர் ஒருவரின் இறுதி ஊர்வலத்துக்கென இசைக்குறி ஒன்றேனும் இல்லாத வெற்று இசைத்தாளையும் உடன் சேர்த்தார்.

இவையெல்லாம் அன்று வெறும் வேடிக்கை. ஆனால் 1915ஆம் ஆண்டு உருசிய ஓவியர் காசிமிர் மாலேவிச் பெத்ரோகிராது நகரில் ‘கருஞ்சதுரம்’ என்னும் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தபோது அது வேடிக்கையாக இல்லை. புதுக்கலையின் தொடக்கங்களுள் ஒன்றாயிற்று. 2015இல் மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் காட்சியகத்தார் அவ்வோவியத்தை ஆராய்ந்தபோது, ஓரத்தில் பிலோவின் பழைய வேடிக்கைத் தலைப்பை நினைவூட்டும் எழுத்துகளைக் கண்டதாக அறிவித்தனர். அவ்வெழுத்து ஓவியருடைய கையெழுத்தே என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். 1952இல் அமெரிக்க இசையாளர் ஜான் கேஜ் 4 நிமிடம் 33 விநாடி ஓசையே எழுப்பாத ஓர் இசைப்படைப்பை அரங்கேற்றினார். அலே விட்டுச்சென்ற வெற்றுத்தாள் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அரங்கேறியது போன்றதன்றோ இது?

அவ்வாறாயின் வேடிக்கைக்கும் கலைக்கும் வேற்றுமை இல்லையா? உண்டு. அலேயின் வெள்ளைத்தாளில் நகைப்பைத் தருவது தாளன்று, தலைப்பே. தலைப்பை எடுத்துவிட்டால் அங்கு ஒன்றுமில்லை. மாலேவிச் தம் சதுரத்தைக் காட்சி அறையின் மூலையில், உருசிய இல்லங்களில் திருவுருவம் வைக்கும் இடத்தில், உயர மாட்டினார். அவர் சொல்லைக் குறைத்து, பார்வையை நிற்கச் செய்தார். ஒரே பொருள் இருவர் கையில் இருவேறு வினையைச் செய்தது.

இன்னுமொன்றும் மறைக்காது கூறல் வேண்டும். பிலோவின் தலைப்பில் உள்ள நகைப்பு, ஓவியப் பள்ளிகளை எள்ளுவதாகத் தொடங்கி, அதனோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு மக்களினத்தின் நிறத்தின்மீது சென்று விழுகிறது. அம்மக்கள் அவ்வறையில் இல்லை. மறுமொழி கூறவும் அவர்களுக்கு இடமில்லை. எள்ளலின் அம்பு குறிதவறிப் பாய்வதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கழுதையின் கொள்கை

இனிப் புகழ்பெற்ற கழுதைக்கு வருவோம். 1909ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இத்தாலியக் கவிஞர் மரினெத்தி ‘எதிர்காலக் கொள்கை’யின் அறிக்கையைப் பாரிசு நாளிதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார். பழமையைத் தகர்க்க வேண்டும் என்பது அதன் முழக்கம். அன்று பாரிசில் திங்களுக்கொரு கொள்கை பிறந்தது. மோன்மார்த்து மேட்டில் ‘இலாப்பேன் அழில்’ என்னும் சாராயக் கடையில் ஓவியரும் எழுத்தாளரும் கூடுவர். பிக்காசோவும் அங்கு வந்து போனவரே. அக்கடைக்காரர் பிரெதே, உலோலோ என்ற கழுதை ஒன்றை வளர்த்தார்.

அப்பொழுது 24 வயதினரான எழுத்தாளர் ரோலன் தோர்ழெலே, 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நண்பர்களோடு கூடி, அக்கழுதையின் வாலில் தூரிகையைக் கட்டினார். காரட்டைக் காட்டக் காட்டக் கழுதை மகிழ்ந்து வாலை ஆட்டியது. துணியில் வண்ணம் படிந்தது. நடந்ததற்குச் சான்றாகச் சட்ட அலுவலர் ஒருவரையும் அழைத்து வந்து எழுத்தில் பதிவு செய்தனர். ‘அதிரியாத்திக் கடலின்மேல் கதிரவன் உறங்கிற்று’ என்பது ஓவியத்தின் பெயர். வரைந்தவர் செனோவா நகரத்து பொரோனாலி என்று அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சுக் கவிஞர் இலாபோந்தேன் தம் கதையொன்றில் கழுதைக்கு வழங்கிய அலிபொரோன் என்னும் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்ததே பொரோனாலி. அவருடைய கொள்கைக்கு ‘மிகைமைக் கொள்கை’ எனப் பெயரிட்டு, எதிலும் மிகுதியே வலிமை என முழங்கும் அறிக்கை ஒன்றும் வெளியிட்டனர். கொள்கையைப் புகழ்வது போலப் புகழ்ந்து உள்ளே பழித்த அவ்வறிக்கையை, நம் அணியிலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்பர்.

ஓவியம் ‘சுயேச்சைக் கலைஞர் காட்சி’யில் தொங்கியது. ஏப்ரல் முதல்நாள் ‘பாந்தாசியோ’ என்னும் இதழ் படங்களோடு உண்மையை வெளியிட்டது. பாரிசு முழுதும் சிரித்தது. ஓவியமும் விற்பனையாயிற்று. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது நம் பழமொழி. உலோலோ அறியாதது கற்பூர வாசனை மட்டுமன்று. தான் ஒரு கொள்கையின் தலைவன் என்பதையும் அஃது அறியவில்லை.

நிழல் அகற்றிய ஓவியர்

பதினான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இவ்விளையாட்டு மீண்டும் அரங்கேறியது. பால் ஜோர்டன்-ஸ்மித் என்னும் எழுத்தாளரின் மனைவியார் வரைந்த ஓவியங்களை ‘பழைய பள்ளியைச் சேர்ந்தவை’ என்று தேர்வாளர் குறை கூறினர். கணவருக்குச் சினம் மூண்டது. தூரிகை பிடித்தறியாத அவர் 1924இல் ஒரு பெண் வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்திருப்பதாகக் கரடுமுரடாக ஓர் ஓவியம் தீட்டினார். தம் பெயரை உருசியப் பெயர்போலத் திரித்துப் பாவெல் ஜெர்டனோவிச் ஆனார். நிழல் வரையத் தெரியாத குறையையே கொள்கையாக்கி ‘நிழலகற்றுக் கொள்கை’ என்று பெயரிட்டார்.

1925இல் அவ்வோவியம் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. பிரெஞ்சுக் கலையிதழ் ஒன்று வரலாறும் விளக்கமும் கேட்டு எழுதியது. பெண்கள் வாழைப்பழம் உண்ணத் தடையுள்ள ஒரு தீவில், ஒருத்தி தடையை மீறி உண்டு விடுதலைக் களிப்பில் நிற்பதே இவ்வோவியம் என்று அவர் கூசாது விளக்கம் எழுதினார்; அது பாராட்டோடு ஏற்கப்பட்டது. மேலும் சில ஓவியங்கள் வரைந்து புகழ்பெற்றபின், 1927இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்றில் உண்மையை ஒப்புக்கொண்டார்.

தோற்றவர் யார்?

இந்நிகழ்ச்சிகளால் புதுமை ஓவியம் பொய்யென மெய்ப்பிக்கப்பட்டதா? ஓர் அடிப்படைச் செய்தியைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1884இல் தோன்றிய சுயேச்சைக் கலைஞர் சங்கத்தில் தேர்வுக் குழுவே கிடையாது, பரிசும் கிடையாது. கட்டணம் செலுத்திய எவரும் தம் ஓவியத்தை மாட்டலாம் என்பதே அதன் அடிப்படை. ஜெர்டனோவிச் ஓவியம் நுழைந்த நியூயார்க் காட்சியும் அத்தகையதே. 1926இல் நுழைந்த சிகாகோ காட்சியும் அத்தகையதே. தாழில்லாக் கதவின் வழியாக உள்ளே புகுந்த ஒருவன், காவலனை ஏமாற்றிவிட்டதாகப் பெருமை கொள்ளலாமா? காவலனே இல்லாத வீட்டில் ஏமாந்தவன் யார்?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. தேர்வே இல்லை என முழங்கிய அதே நியூயார்க் சுயேச்சைக் கலைஞர் சங்கம், 1917இல் மார்செல் துசாம் புனைபெயரில் அனுப்பிய சிறுநீர்த் தொட்டியைக் காட்சியில் வைக்க மறுத்துவிட்டது. துசாம் அச்சங்கத்தின் நெறியாளர் குழுவிலிருந்து விலகினார். கழுதைக்குத் திறந்த கதவு தொட்டிக்கு மூடிற்று. ஆனால் மறுக்கப்பட்ட தொட்டியைப் பற்றி நூறாண்டு கடந்தும் அறிஞர் வாதிடுகின்றனர். ஏற்கப்பட்ட கழுதையோவியம் கதையாக மட்டுமே வாழ்கிறது. ஆகவே காட்சிக்குள் நுழைவதும் நுழையாததும் கலைக்கு அளவுகோல் ஆகா.

எனின் தோற்றவர் ஒருவருமில்லையா? உளர். அவர்கள் ஓவியரல்லர், திறனாய்வாளரே. ஓவியத்தைப் பாராமல் பெயரைப் பார்த்தவர், வண்ணத்தைப் படியாமல் அறிக்கையைப் படித்தவர், அயல்நாட்டுப் பெயரொன்று கண்டதும் ஆழ்பொருள் தேடியவர் ஆகியோரே அகப்பட்டனர். வாழைப்பழப் பெண்ணுக்கு விளக்கம் கேட்டு வாங்கி அச்சிட்ட இதழுக்கு, அவ்விளக்கம் ஓவியத்தில் உள்ளதா என்று ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை. இஃது ஓவியத் திறனாய்வுக்கு மட்டும் உரிய நோயன்று. செய்யுளை விட்டு உரையையும், உரையை விட்டு முன்னுரையையும் படித்து முடிவு கூறும் இலக்கியத் திறனாய்வுக்கும் இந்நோய் உண்டு.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். புகழ்பெற்ற கலைக் கொள்கைகள் பலவற்றின் பெயர்கள் பகைவர் இட்ட ஏச்சுப் பெயர்களே. 1874இல் மோனே தீட்டிய ஒரு காலைக் காட்சியைப் பழித்து இலூயி இலெருவா என்னும் இதழாளர் ‘மனப்பதிவினர்’ என்றார். 1905இல் மத்தீசையும் நண்பர்களையும் வோசெல் என்னும் திறனாய்வாளர் ‘காட்டு விலங்குகள்’ என்றார். 1908இல் பிராக்கின் ஓவியங்களைக் கனசதுரங்கள் என்று நகைத்தவரும் அவரே. ஏச்சு அனைத்தும் பின்னர் விருதாயிற்று. ஆகவே, பெயர் நகைப்பில் பிறந்தமையால் ஒரு கொள்கை பொய்யாகிவிடாது. அறிக்கை முழங்குவதால் மெய்யாகிவிடவும் செய்யாது. முதல் ஓவியத்துக்குப் பின் இரண்டாவது ஓவியம் வருகின்றதா, அதனைக் கண்டு மற்றொருவன் வேறொன்று தீட்டுகின்றானா என்பதே அளவுகோல். பொரோனாலிக்குச் சிரிப்பவர் இருந்தனர், மாணாக்கர் இல்லை.

நகைப்பு நெருப்பானபோது

இதுவரை கண்டவை ஒருவரையும் வருத்தாத விளையாட்டுகள். எள்ளலுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1913ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த பெரிய புதுக்கலைக் காட்சியின் ஒரு பகுதி சிகாகோ கலை நிறுவனத்துக்கு வந்தது. ஏறத்தாழ 188,000 பேர் அதனைக் கண்டனர். காட்சி முடிந்த ஏப்ரல் 16ஆம் நாள் அந்நிறுவனத்தின் மாணாக்கர் கூடி, மத்தீசின் பெயரை மயிர்மெத்தை என்று பொருள்படத் திரித்து, அப்பெயர் பூண்ட ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, விளையாட்டு வழக்கு நடத்தினர். பின்னர் ‘நீல நிற மாது’ முதலிய மத்தீசு ஓவியங்களைப் போல் தாம் வரைந்த படிகளைத் தீயிலிட்டனர். மாணாக்கர் வேடிக்கை என்றே கருதினர், எரிந்தவையும் படிகளே. ஆயினும் ஒரு வேற்றுமையைக் காண்க. நியூயார்க் மாணாக்கர் நகைத்தது உடன் இருந்த ஆசிரியரை. சிகாகோ மாணாக்கர் நகைத்தது கடலுக்கு அப்பால் இருந்த ஒருவரை. முன்னவர் கேலியாக ஓவியம் தீட்டினர். பின்னவர் கேலிக்காக ஓவியத்தை எரித்தனர். காலம் வேறு தீர்ப்புக் கூறியது. 1953இல் அதே சிகாகோ நிறுவனம் மத்தீசின் பேரோவியமான ‘ஆற்றங்கரையில் நீராடுவோர்’ என்பதனை வாங்கித் தன் சுவரில் மாட்டியது.

இவ்விளைஞரின் செயலைப் பெரிதுபடுத்துதல் முறையன்று. ஆனால் அதிகாரம் படைத்தவர் இதே நகைப்பைக் கையில் எடுத்தால் என்னாகும் என்பதை 1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மியூனிக் நகரம் காட்டியது. இட்லர் ஆட்சியினர் செருமானியக் காட்சியகங்களிலிருந்து பறித்த ஓவியங்களிலும் சிலைகளிலும் 650 அளவில் தேர்ந்து, ‘சீர்கெட்ட கலை’ என்று பெயரிட்டு, நெருக்கமாகவும் கோணலாகவும் மாட்டி, சுவரெங்கும் ஏளன வாசகங்களை எழுதி வைத்தனர். இருபது இலட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தனர். வந்தவர் சிரிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அக்காட்சியில் இடம்பெற்ற பவுல் கிளே ஆசிரியப் பணியை முன்னரே இழந்திருந்தார். மாக்சு பெக்மன் அத்திங்களிலேயே நாட்டைவிட்டு வெளியேறினார். தோர்ழெலே கழுதையின் உண்மையை மூன்று வாரத்தில் தாமே வெளியிட்டுச் சிரித்துப் பிரிந்தார். மியூனிக்கில் சிரிப்பு முடிந்தபின் விடுவிக்கப்பட்டவர் எவருமில்லை.

உரையாசிரியர் கண்ட இரண்டு

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனக் கூறிய தொல்காப்பியர், எள்ளலை முதலாவதாகவும் இளமையை இரண்டாவதாகவும் வைத்தார். அதற்கு உரைகண்ட பேராசிரியர் ஓர் அரிய நுட்பத்தைக் காட்டினார். எள்ளலால் வரும் நகை ஒன்றன்று, இரண்டு என்பது அவர் கருத்து: ஒருவன் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுவது மற்றொன்று.

இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில் எள்ளல் நலம் பயக்கின்றது. நியூயார்க் பள்ளியில் மாணாக்கர் நகைத்தனர். நகைக்கப்பட்ட ஆசிரியரும் பொறுத்துக்கொண்டனர். ஏலப் பணம் அடுத்த மாணாக்கனுக்குக் கல்வியாயிற்று. பாரிசின் இயைபிலார் தம்மை வரையத் தெரியாதவர் என்று தாமே கூறிக்கொண்டு தொடங்கினர். பிறரை எள்ளுமுன் தம்மையே எள்ளிக்கொண்டனர். அதனாலேயே அவர்களுடைய வெற்றுத்தாளிலும் கறுப்புப் பலகையிலும் பிற்காலக் கலைக்குரிய விதை தங்கியது. முதலாவது நகை மட்டும் இருந்து இரண்டாவது இல்லாத இடத்தில், அதாவது எள்ளுவோன் தான் எள்ளப்படுவதற்கு ஒருநாளும் இடங்கொடாத இடத்தில், அது நெருப்பாகவும் ஆணையாகவும் மாறுகின்றது.

தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. மாணாக்கன் ஒருவன் புதுநடை எழுத்தாளரைக் கேலி செய்தோ, ஆசிரியரே போற்றும் பழைய புலவரைக் கேலி செய்தோ எழுதிவந்தால், அதனைக் கிழித்தெறிவதும் தவறு. ‘புதுமையை அம்பலப்படுத்திவிட்டான்’ என்று கைதட்டுவதும் தவறு. மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். தான் எள்ளுவதனை இவன் கற்றிருக்கின்றானா? எள்ளப்பட்டவன் மறுமொழி கூறும் நிலையில் உள்ளானா? நாளை இவனை மற்றொருவன் எள்ளினால் இவனும் சேர்ந்து சிரிப்பானா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின், அவன் கையில் இருப்பது தீப்பந்தமன்று, தூரிகை. அதனை அவனிடமிருந்து பறித்தல் வேண்டா.